கூரையில் போடாத துளை

ஆடி 14. தூறல்.

புது மீட்பு வண்டி பென்னாகரம் தீயணைப்பு நிலையத்துக்கு வந்துவிட்டது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வயர்லெஸ் பொருத்துவது என் வேலை. ஓட்டப் போவது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் முனிராஜ்.

ஆன்டெனாவுக்கு இடம்:
- கூரை நடுவில். இதுதான் சரி, நாலு திசையும் கேட்கும். துளை போட வேண்டும்.
- சுழல் விளக்குப் பக்கம். விளக்கு எரிந்தால் கரகரப்பு.
- பின்னால். ஏணி மறைக்கிறது.
- முன் பம்பர். துளை வேண்டாம், கிளாம்ப் போதும். ஆனால் ஆன்டெனாவுக்குப் பின்னால் வண்டியின் ஆளுயர இரும்பு.

ட்ரில்லோடு பாதி ஏறிவிட்டேன். மு. ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடி மாசத்துல புது வண்டிக்கு ஓட்ட போடுவாங்களா சாந்தி? இன்னும் பூசையே போடல. ஆவணி பொறக்கட்டும், எங்க வேணா போட்டுக்க."

சிரித்தேன். பிறகு இறங்கினேன். ஏன் இறங்கினேன்? அவர் ஓட்டப் போகிற வண்டி, நமக்கேன் வம்பு என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம். பம்பரில் மாட்டினேன். வண்டி கிழக்கே பார்த்து நின்றது. வயர்லெஸ் கோபுரமும் கிழக்கே, குன்றின் மேல். தருமபுரி கட்டுப்பாட்டு அறையிலிருந்து கோமதி அக்கா, "பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கும்மா." படிவத்தில் 'சோதனை: சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அக்காவுக்கு அனுப்பினேன்.

ஆடி 15. நல்ல வெயில்.

துணி துவைக்கும்போதுதான் உறைத்தது. வண்டியைத் திருப்பி வைத்துப் பேசிப் பார்க்கவே இல்லை. ஒகேனக்கல் மேற்கே. அங்கே போனால் கோபுரம் பின்னால், நடுவில் மொத்த வண்டியும் மறைக்கும். சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மு.விடம் சொன்னேன். "ரெண்டு வாரந்தானே, பாத்துக்கலாம் வுடு."

தக்காளி, கறிவேப்பிலை வாங்க வேண்டும்.

ஆடி 17. மேகம்.

கர்நாடகாவில் கன மழை. அணையைத் திறந்திருக்கிறார்களாம். பரிசலுக்குத் தடை. ஆனால் நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு, கூட்டம் வராமல் இருக்குமா? மு.வுக்கு ஆற்றோரம் டியூட்டி.

இன்றைக்கே துளை போட்டுவிடலாம் என்று ட்ரில்லோடு ஓடினேன். வண்டி இல்லை. கயிறும் மிதவையும் ஏற்றிவரப் பாலக்கோடு போயிருந்தது.

"சத்தம் வரலன்னா வண்டியத் திருப்புங்க" என்று சாப்பிடும்போது மூன்று முறை சொன்னேன். தலையாட்டினார். காதில் வாங்கினாரா தெரியவில்லை, குழம்பில் புளி கூடுதல் என்றார். நாளைக் கூட்டத்தில் செல்போனுக்கு லைன் கிடைக்காது. ஆடி மேல் பழி போட்டு என்ன பயன். ஏணியில் இருந்து இறங்கியது நான்.

ஆடி 18. கட்டுப்பாட்டு அறை.

எனக்கு லீவுதான். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

10.40. மு. மலைப்பாதையில் இறங்குகிறார். குரல் விட்டு விட்டு.

11.15. ஒன்றுமில்லை.

11.20. தண்ணீர் இன்னும் வருகிறதாம். கரையில் நிற்பவர்களை மேலே ஏற்றச் சொல்ல வேண்டும். கோமதி அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் இல்லை. போலீசுக்குப் போன் போயிருக்கிறது, ஆனால் அவர்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம். மு. கீழே, பரிசல் துறையில்.

"செட்டு போச்சா, ஆன்டெனாவா?" என்று அக்கா என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்ட படிவம் எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

மைக்கை வாங்கினேன். "ஏங்க. வண்டியத் திருப்புங்க. ஏங்க." அரசாங்க மைக்கில் ஏங்க. யாரும் சிரிக்கவில்லை.

11.41. கரகரப்பு. அவர் குரல். "கேக்குதா? யாருக்காச்சும் கேக்குதா?"

அக்கா செய்தியைச் சொல்லிவிட்டார். 12.10. எல்லோரையும் மேலே ஏற்றியாயிற்றாம். நான் பெஞ்சில். எழுத்து எனக்கே புரியவில்லை.

ஆடி 19. தூறல் விட்டது.

காலையில்தான் வந்தார். முழங்கால் வரை சேறு. கூட்டத்தைப் பார்க்க வசதியாக வண்டியை ஆற்றுப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தாராம். நான் சொன்னது ஞாபகமே இல்லையாம். முன் சக்கரத்தைத் தண்ணீர் தொட்டதும் பயந்துபோய் வண்டியைத் திருப்பியிருக்கிறார். திருப்பியதும் செட் பேசியது. அவ்வளவுதான். தண்ணீர் தொடாமல் இருந்திருந்தால்?

தட்டில் கை வைக்காமல் சொன்னார். "இருவது நிமிசம் நானும் கூப்புட்டேன் சாந்தி. ஒரு கொழந்தயக் காணோம்னு. யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு."

"கொழந்த?"

"கெடச்சிருச்சு. அம்மாக்காரிதான் அழுகைய நிறுத்தல."

கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ப் படிவத்தில் 'சரி'யைக் கோடு போட்டு அடித்தேன். பிறகு இருவரும் நிலையத்துக்கு. ஆவணி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. மு. அதைப் பற்றிப் பேசவில்லை. அவரே ஏணியைச் சாத்தினார், பிடித்துக்கொண்டார். கூரை நடுவில் அளந்து குறி வைத்தேன். ட்ரில் முனை குறியில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கிப் போனது.

"போடு" என்றார் கீழே இருந்து. குனிந்து பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.