விற்காத முதல் பீட்சா

நேற்று என் மகள் வாங்கிவந்த பீட்சாவின் அடி கருகியிருந்தது. பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை என்னை உன் கடைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. அவள் குப்பையில் போடப் போனாள். "வை, நான் தின்கிறேன்" என்றேன். சனியன், இத்தனை வருஷமாகியும் என்னால் தின்ன முடிகிறது, பார்.

ஜெர்மனியில் நாம் படித்த பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்த பழைய செருப்புக்கடையைப் பிடித்து, நிலக்கரிச் சுரங்கத்தில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட ஓர் இத்தாலியர் தொடங்கிய பீட்சாக் கடை. அறுபதுகளில் அந்த ஊர் மாணவர்களுக்குப் பீட்சாவே புதிசு. கூட உருளைக்கிழங்கு உண்டா என்று கேட்பார்கள். அவர் அடுப்பைப் பார்த்தார், மனைவி மாவு பிசைந்தாள், மகள் லூசியா பரிமாறினாள். ஆராய்ச்சியைப் பாதியில் விட்ட நீ தட்டு கழுவினாய்.

காலையில் அடுப்பின் சூடு பார்க்க முதலில் ஒரு பீட்சா போடுவார்கள். அதை விற்க மாட்டார்கள். கருகியிருந்தாலும் வீட்டு ஆட்கள் மட்டும் நின்றபடியே பிய்த்துத் தின்பார்கள். ஒரு வருஷத்தில் உனக்கும் அதில் ஒரு துண்டு கிடைத்தது. பாதியை எனக்குக் கொடுத்தாய்.

"இந்த ஊருல எனக்குன்னு இருக்கது நீ ஒருத்தந்தாம்லே, தின்னு."

எனக்கு வயிறு எரிந்தது. நான் பேராசிரியரிடம் நாய்ப்பாடு படுகிறேன். படிப்பைத் தொலைத்தவன் சீட்டியடித்துக்கொண்டு தட்டு கழுவுகிறான்! அந்த நேரம் பார்த்துப் பாளையங்கோட்டையிலிருந்து உன் அப்பா எனக்குக் கடிதம் போட்டார். பையன் ஒழுங்காகப் படிக்கிறானா தம்பி என்று கேட்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் எழுதினேன்: எச்சில் தட்டு கழுவுகிறான், வெள்ளைக்காரியோடு குடித்தனம் நடத்துகிறான். முதலாவது உண்மை. இரண்டாவது நானாகச் சேர்த்தது. அப்போது நீ லூசியாவை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அவர் உனக்குப் போட்ட கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடிவந்தாய். "நீ படிலே, எனக்குப் பிரிக்கவே பயமா இருக்கு."

படித்தேன். உன்னைத் தலைமுழுகிவிட்டோம், இந்த வாசலை மிதிக்காதே என்று இருந்தது. எச்சில் தட்டு, குடித்தனம் என்று என் வார்த்தைகளும் அப்படியே இருந்தன. என் குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

"எவன்லே எழுதியிருப்பான்?"

"சுந்தரமாத்தான் இருக்கும்" என்றேன்.

பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் வேலை பார்த்த நம் ஊர்ச் சுந்தரம். உனக்கு அந்தக் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். அதற்குப் பிறகு அவன் இரண்டு முறை உன்னைத் தேடி வந்தான். இரண்டு முறையும் முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்தினாய். உன் அம்மா செத்த செய்தி எட்டு மாதம் கழித்து யார் மூலமோ வந்தது. அன்று என் தோளில் சாய்ந்து அழுதாய். நானும் அழுதேன். அதுவும் நிஜமான அழுகைதான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போக்கிடம் இல்லாமல் லூசியாவைக் கட்டிக்கொண்டாய். நான் சொன்ன பொய் மெய்யானது. மாமனார் போன பிறகு கடை உன்னுடையதானது. எழுபதுகளில் மாணவர்கள் தெருவரை வரிசையில் நின்றார்கள். நான் போகும்போதெல்லாம் முதல் பீட்சாவில் எனக்கொரு துண்டு எடுத்து வைத்திருப்பாய்.

மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் விழுந்தாய், எழவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று காலை லூசியா அடுப்பை மூட்டினாள். கடைக்கு எதிர்ப்பக்கம் மழையில் பூங்கொத்தோடு சுந்தரம் நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது.

"அவனை உள்ளே விடக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார்" என்றாள் லூசியா. பிறகு முதல் பீட்சாவை என்னிடம் நீட்டினாள். "அவருக்கு இருந்த ஒரே சொந்தம் நீங்கள்தான். கொஞ்சம் கருகிவிட்டது."

"பரவாயில்லை" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுந்தரம் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே தின்றேன். அவன் பூக்களை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் இன்னும் இருக்கிறான். லூசியாவும் இருக்கிறாள். இரண்டு பேருடைய முகவரியும் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கடிதம் எழுத எனக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆனாலும் இதோ, படிக்கவே முடியாத உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.