மழைக்காலத்தில் கூடாரவண்டி

ரங்கூன், பசுந்தாங்.

அன்புள்ள அம்சவேணிக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? அத்தை நலமா?

சீமைக்குப் போன துரை, விரித்தால் வீடாகிற தன் கூடாரவண்டியை முற்றத்தில் என் காவலில் விட்டிருக்கிறார். மழைக்காலம் முடியும்வரை துணியில் பூஞ்சை பிடிக்காவிட்டால், தை மாதம் ஊருக்கு வர எனக்கு லீவு.

நேற்று வெயில் கண்டதும் விரித்து உலர்த்தி, உள்ளே படுத்தேன். காற்றில் துணி உப்ப, கப்பலேறி உன்னிடம் வருவதாகவே தோன்றியது. கண்ணயர்ந்துவிட்டேன்.

"தம்பி, மழை வருது, எந்திரி! துணி போச்சுன்னா ஊரும் போச்சு!" என்று பக்கத்து வீட்டுக் காளியம்மாக்கா கத்தினார். இருவருமாகத் தார்ப்பாயை இழுத்து மூடினோம். ஓரம் மட்டுமே நனைந்தது. அதுவும் இன்று காய்ந்துவிட்டது. கவலைப்படாதே.

பூச்சி அண்டாமலிருக்கக் காய்ந்த வேப்பிலை அனுப்பு. வேம்பு இங்கேயும் உண்டு, இருந்தாலும் அனுப்பு. நீ உடுத்திய சேலை ஒன்றில் முடிந்து அனுப்பு. சேலையைத் திருப்பிக் கேட்காதே.

கப்பல் தபால் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

ரெங்கசாமி