என் குரலில் வந்த அழைப்பு

அம்மா, மணிலாவிலிருந்து லிகாயா. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

எங்கள் வங்கிச் செயலியின் பாதுகாப்பைச் சோதிக்க, செயற்கை நுண்ணறிவைத் திருடன்போல் ஏவினோம். அது செயலியைத் தொடவேயில்லை. ஆபீஸ் கரோக்கியில் நான் பாடியதை இணையத்தில் போட்டிருந்தோம்; அதிலிருந்து என் குரலை எடுத்து, உடன் வேலைபார்க்கும் ரோமெலுக்குப் போன் போட்டு, கடவுச்சொல்லை வாங்கிவிட்டது!

"ஏன்டா குடுத்தே?"

"நீங்கதானே அக்கா அழுதுக்கிட்டே கேட்டீங்க!"

அந்த அழைப்பின் பதிவைக் கேட்டேன். இங்கே யார் முன்னாலும் நான் அழுததில்லை. ஆனால் அந்த அழுகை அப்படியே என்னுடையது.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். இடைவேளை முடிந்துவிட்டது. இனி என் குரலில் போன் வந்தால், நம் பன்றிக்குட்டிக்கு நான் வைத்த பெயரை முதலில் கேளுங்கள். நிஜமாகவே நான் அழுதாலும் கேளுங்கள். சொல்லிவிட்டு அழுகிறேன்.