படகின் மூக்கு முட்டும் இடம்

என்னங்க,

நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் கிளம்பிவிடுவேன். வாசலில் படகைத் தேடாதீர்கள், நான்தான் டிரெய்லரோடு கொண்டுபோகிறேன்.

"உனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதும்மா, தள்ளி நில்லு" என்று நேற்று உங்கள் தம்பி முன்னால் சொன்னீர்கள். தள்ளி நின்றதால்தான் தெரிந்தது. நீங்கள் ஏற்றினால் படகின் பின்பக்கம் டிரெய்லரைத் தாண்டித் தொங்குகிறது. இன்ஜின் கனமெல்லாம் கடைசியில். போன தடவை வண்டி வழியெல்லாம் ஆடியது அதனால்தான். நீங்களோ காற்று என்று சாதித்தீர்கள்.

விடிந்ததும் நட்டைக் கழற்றி, டிரெய்லரில் படகின் மூக்கு முட்டும் கம்பத்தை ஒரு முழம் முன்னால் தள்ளி, திரும்ப முடுக்கினேன். கம்பத்தில் இருக்கும் விஞ்சின் கைப்பிடியைச் சுற்றி, பட்டையோடு படகையும் முன்னால் இழுத்துவிட்டேன். இப்போது டிரெய்லர் பலகைமேல் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கப் பட்டையும் இறுக்கியாயிற்று.

சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது. தம்பி வந்தால் அவருக்கும் போடுங்கள், கம்பத்தை யார் நகர்த்தியது என்றும் சொல்லுங்கள்.

ஏரிக்குத் தனியாகத்தான் போகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை.

பின்குறிப்பு: தெருமுனை பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்க நிற்பேன். வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம். பக்கத்து சீட்டில் எதையும் வைக்கவில்லை.

இன்னொன்று: வழியில் வண்டி ஆடாவிட்டால், இன்றைக்குக் காற்றே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.