ஆறு சன்னலிலும் திரை

பிரிக்பீல்ட்ஸ்,
தீபாவளிக்கு மறுநாள், 1943

அன்பு மகள் லெட்சுமிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் கிடைத்ததைத் தின்று நலமாக இருக்கிறோம், தைப்பிங்கில் நீயும் நலமாக இருக்க முருகன் துணை. நீ என்னை நம்பி அனுப்பிய மாப்பிள்ளையும் பத்திரம். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள் என்று இதை ரயில் கார்டு ஜெயராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவன் மேலும் எனக்குப் பாதி நம்பிக்கைதான், உறையில் ஒட்டிய கஞ்சிப்பசை பிரிந்திருக்கிறதா என்று முதலில் பார்.

மாப்பிள்ளை வந்து பதினெட்டு நாளாகிறது. ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் இந்தப் பக்கமும் சுற்றுவதால் அவரை சின்ன அறையில் வைத்திருக்கிறேன். அந்த அறைச் சன்னல் தெருவைப் பார்த்தது என்று உனக்கே தெரியும். பலகையைச் சாத்தினால் வேகிறது, திறந்தால் ஆள் தெரிகிறார். அதனால் தீபாவளியைச் சாக்கு வைத்து என் பச்சைச் சேலையைக் கிழித்து, அன்னாசி நார் நூலில் தைத்து, சரிகைக் கரை கீழே வரும்படி திரை தொங்கவிட்டேன். பண்டிகைக்கு வீட்டை அலங்கரிக்கிறாள் என்று ஊர் நினைக்கட்டும் என்று இருந்தேன்.

பக்கத்து வீட்டுத் தங்கமணி அப்படி நினைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்தான் குடிவந்தவள், அவள் அண்ணன் ஆள் எடுக்கிற ஆபீசில் பெயர் எழுதுகிறான், போதாதா. திரை தொங்கிய அன்றே வந்து, என்னக்கா, கட்டிக்கத் துணியில்லாத காலத்துல சன்னலுக்குச் சேலையா என்று கேட்டாள். நல்ல நாளில் சன்னல் வெறுமையாக எதற்கு என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மரவள்ளிக்கிழங்கு கேட்டு வந்தாள், அதற்கு மறுநாள் கேட்க ஒன்றுமில்லாமலே வந்தாள். தீபாவளிக்கு முதல் நாள் காலையில் பார்க்கிறேன், நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் வீடு வீடாக ஏறி இறங்கி, நம் சன்னலைக் கை காட்டிப் பேசுகிறாள். காட்டிக் கொடுக்கத்தான் போகிறாள் என்று முடிவே செய்துவிட்டேன். பாவி, உருப்படுவாளா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாப்பிள்ளையிடம் நான் நேரே பேசுவதில்லையே, அதனால் நாளைக்கே அவரை விறகுக் கொட்டகைக்கு மாறச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் அழுதேன்.

தீபாவளியன்று விடிந்து கதவைத் திறந்தால் ஆறு வீட்டுச் சன்னலிலும் திரை. ஒரு வீட்டில் துவைத்த கோணிச்சாக்கு, ஒரு வீட்டில் வேட்டி, ஒரு வீட்டில் கொசுவலையை மஞ்சளில் நனைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். தங்கமணி வீட்டில் அவளுடைய நீலச் சேலை. அவளிடம் இருந்ததே இரண்டு. பத்து மணிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் லோரியில் வந்து இறங்கினார்கள். ஒருவன் மூன்றாவது வீட்டுத் திரையைக் குச்சியால் விலக்கிப் பார்த்தான், உள்ளே ஒரு கிழவர் காய்ச்சலில் படுத்திருந்தார். பெருநாளா என்று கேட்டான், ஆமாம் என்றார்கள், ஏறிப் போய்விட்டார்கள். ஐந்தாவதான நம் வீட்டுத் திரைக்குப் பின்னால் உன் புருஷன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

பிறகு தங்கமணி வந்தாள். ஒரு சன்னல் மட்டும் மூடிக் கிடந்தா கண்ணுல படும்க்கா, ஆறும் மூடியிருந்தா தீபாவளின்னு போயிருவானுங்க என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். நீங்க உங்க வீட்டுக்குள்ளயே முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கிட்டு, குரலைத் தாழ்த்திக்கிட்டு நடக்கிறீங்க, மாப்பிள்ளை இருக்கிற வீட்டுலதானே மாமியார் அப்படி நடப்பாங்க என்றாள். எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கு என் தோள்மேல் சந்தேகம் வரவில்லை பார். வெட்கமாகப் போய்விட்டது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் அண்ணனை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை, திரையும் இப்போதைக்கு இறங்காது.

நீ வேளைக்குச் சாப்பிடு, யாரிடமும் வாயைக் கொடுக்காதே. மாப்பிள்ளை உன்னைக் கேட்டதாக அப்பா சொன்னார். தீர்க்க சுமங்கலியாக இரு அம்மா. படித்ததும் இதை அடுப்பில் போடு. உன் கல்யாணச் சேலைகளில் நல்லதாக ஒன்றை ஜெயராஜிடம் கொடுத்தனுப்ப மறக்காதே, பழசு வேண்டாம். இதை எழுதும்போது தங்கமணி, துவைத்துப் போட்ட அந்த ஒரே சேலை காயும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு உன் அம்மா,
இராஜம்மா