ஜிம்மியைத் தோட்டத்துக்கு அனுப்பியது

ஏப்ரல் 6, 1997, ஞாயிறு

காலையிலேயே சுள்ளுன்னு வெயில். ஜிம்மிக்குக் குளியல். முடி கொட்டற சமயம். மேல்முடிக்கு அடியில பஞ்சு மாதிரி இன்னொரு முடி, அதுதான் கொத்துக் கொத்தா சீப்பில வருது. அடி வரைக்கும் ஈரம் போகத் துடைக்கணும், இல்லேன்னா தோல் புண்ணாயிரும். காதுக்குள்ள உண்ணி. பிடுங்கினேன். கடிக்கல, முறைச்சான்.

கவிதா (தம்பி பொண்டாட்டி; நாத்தனாங்கறதால நான் அவளுக்கு 'நங்கை') சோபாவைத் தட்டிக்கிட்டே: "ஏனுங்க நங்கை, ஊடு பூராம் முடிங்க. சோத்துல கூட வருதுங்க."

எதிர் வீட்டில பொமரேனியன் இருக்குன்னு தம்பியை நச்சரிச்சு வாங்கினதே அவள்தான். குட்டியா பொம்மை மாதிரி இருந்த வரைக்கும் அவள் மடியில. பெருசாகி, காலிங்பெல்லுக்கும் காக்காய்க்கும் குரைக்க ஆரம்பிச்சதும் என் தலையில. புருஷன் வேண்டாம்னு விட்டுட்டு வந்து, தம்பி வீட்டோட இருக்கறவ. வேற வேலை என்ன இருக்கு எனக்கு?

மூக்குக் கண்ணாடி கால் ஆடுது. மாத்தணும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கவிதாவோட அண்ணன் திருப்பூரிலிருந்து. பனியன் கம்பெனிக்காரர். கணபதி மார்க்கெட்டில் கோழி, கறிக்குழம்பு, வடை. இடுப்பு ஒடிஞ்சது.

ஜிம்மி புது ஆளை உடனே நம்ப மாட்டான். கண்டுக்காம விட்டா தானா வந்து மோந்து பார்ப்பான். சொன்னேன். "சாப்பிடறப்ப மட்டும் கிட்டப் போகாதீங்க."

"நாயைப் பத்தி எனக்கே சொல்றீங்களா அம்மணி? தோட்டத்துல எத்தனை நாய் பாத்திருக்கறோம்."

ஜிம்மி தின்னுக்கிட்டிருந்த தட்டை இழுத்தார். விளையாட்டாம். உறுமினான். மறுபடி இழுத்தார். கையில் பல். ரத்தம்.

செருப்பைக் கழட்டி அடிச்சார். தம்பி பார்த்துக்கிட்டு நின்னான். "தட்டை இழுத்தது அவருடா"ன்னேன்.

"அக்கா, நீ உள்ள போ."

ஜிம்மிக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டிருக்கு. யாரும் கேட்கல. ஆஸ்பத்திரிக்குக் கார் பறந்தது. இவன் என் கட்டிலுக்கடியில். கூப்பிட்டும் வரல. அடி வாங்கி இவனுக்குப் பழக்கமில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

முடிவு பண்ணிட்டாங்க. தாராபுரம் பக்கம் கவிதா அப்பா தோட்டத்துக்கு. "விசாலமா ஓடியாடலாம்க்கா" – தம்பி.

வெயில் தாங்க மாட்டான்டா. மதியம் ஃபேனுக்கடியில ஈரச்சாக்கு போட்டாத்தான் படுப்பான். பக்கத்தில ஆள் இல்லேன்னா சோறு தொட மாட்டான். எல்லாம் சொன்னேன்.

"நாய்தானேங்க." – கவிதா.

நான் வேலை பாக்கற டைப்பிங் இன்ஸ்டிடியூட் விட்டு வந்து பார்த்தா, முடி முழுக்க வழிச்சாச்சு. தோட்டத்தில ஒட்டுப்புல் ஒட்டுமாம். சலூன்காரரை வரவழைச்சு மெஷினில். உரிச்ச கோழி மாதிரி ரோஸ் நிறத் தோல். போன கோடையிலேயே டாக்டர் சொன்னார், வெயில்னு வழிச்சுப்போடாதீங்க, அந்த முடிதான் சூட்டைத் தடுக்கும்னு. கவிதாவும் பக்கத்திலதான் நின்னாள்.

சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டான். ராத்திரி சாப்பிடல. நானும்.

ஏப்ரல் 17, வியாழன்

போயாச்சு. நானும் வரேன்னேன், காரில இடமில்லையாம். பின்சீட்டு காலியா இருந்ததை நான் பார்க்கலையா?

பையில தட்டு, சீப்பு, உண்ணிப் பவுடர். ஒரு தாளில் எழுதியும் வெச்சேன்:

நிழலில் கட்டவும்.
தண்ணீர் மதியம் மாற்றவும்.
தயிர்சோறு பிடிக்கும். வெங்காயம், கோழி எலும்பு கூடாது.
அடிக்க வேண்டாம். அதட்டினாலே போதும்.
முடி வளரும் வரை வெயில் ஆகாது.

கார் கிளம்பறப்ப குரைப்பான்னு நெனச்சேன். குரைக்கல. என்னையே பார்த்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தம்பியும் கவிதாவும் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாங்க. தோட்டத்துக்கும் போயிட்டு வந்தாங்க. செருப்பைக் கழட்டறதுக்குள்ள கேட்டேன்.

"நல்லா இருக்கறான்க்கா. ஆட்டுக்குட்டிகளோட என்ன ஓட்டம்ங்கற!"

"நீங்கதான் சும்மா பயந்தீங்க நங்கை."

சந்தோஷம்தான். ஆனா கொஞ்சம் சுருக்குன்னு. அவ்வளவு சீக்கிரம் மறந்துட்டானா?

மே 4, ஞாயிறு

தம்பிகிட்ட மறுபடி கேட்டேன். "குண்டாயிட்டானாம்." பேப்பரிலிருந்து தலை தூக்கல.

மே 6, செவ்வாய்

வீட்டில சொல்லல. இன்ஸ்டிடியூட்டுக்கு லீவு. தாராபுரம் பஸ், அங்கிருந்து டவுன் பஸ், அப்புறம் நடை. கையில பிஸ்கட்.

தோட்டத்தில வீட்டு ஆளுக யாரும் இல்லை. தகரக் கொட்டாய். கம்பத்தில் சங்கிலி மட்டும். அங்க வேலை செய்யற மாராத்தாள் சொம்பில் தண்ணி கொண்டுவந்தாள்.

"அந்த வெள்ளை நாய்ங்களா? அது கல்யாணத்தன்னிக்கே செத்துப்போச்சுங்களே. உங்களுக்குச் சொல்லலீங்களா?"

காலையில் கட்டினப்ப நிழல். மதியம் வெயில் திரும்பி நேரா அவன் மேல. தண்ணிச் சட்டியைத் தட்டிவிட்டுட்டான். வீட்டில எல்லாரும் கல்யாணத்தில. அவங்க வந்து பார்த்தப்ப நாக்கு வெளிய தள்ளி, வெறச்சுக் கெடந்தானாம்.

"உங்க தம்பி நின்னு பாத்துட்டுத்தானுங்க புதைக்கச் சொன்னாரு."

தென்னை ஒண்ணைக் காட்டினாள். "மரத்துக்கு எருவாகும்னு இங்க வெச்சோமுங்க."

பிஸ்கட்டை அவள்கிட்டக் கொடுத்துட்டு வந்துட்டேன். பஸ்ஸில அழுகை வரல. ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்ப. செத்ததை மறைச்சது சரி. ஆட்டுக்குட்டியை எங்கிருந்துடா பிடிச்சே?

மே 7, புதன்

காபி கொடுக்கறப்ப சொன்னேன். "நேத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தேன்."

தம்பி டம்ளரைக் கீழ வெச்சான். "உன் மனசு கஷ்டப்படும்னுதான்க்கா..."

கவிதாவுக்குத்தான் கோபம். "எங்கப்பா தோட்டத்துக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போய், வேலைக்காரிகிட்ட விசாரிச்சுப்போட்டு வந்திருக்கறீங்க. எங்களுக்கு எவ்வளவு அசிங்கம்ங்க?"

தம்பி: "ஆமாக்கா, நீ பண்ணினது தப்பு."

ஆக, தப்பு என்னோடது. இட்லிக்கு ஊறப்போடணும்னு எழுந்து போனேன். அளக்கறப்ப படி சரிஞ்சு அரிசி பூராம் தரையில.

மே 11, ஞாயிறு

மூட்டம். மழை வரல. தம்பி ஒரு கூடையோட வந்தான். உள்ள வெள்ளைக் குட்டி, உள்ளங்கை அளவு. பொமரேனியனேதான்.

"உனக்காகத்தான்க்கா."

"இதுக்கும் ஜிம்மின்னே வெச்சுட்டோமுங்க நங்கை. கூப்பிட்டுப் பழகிப்போச்சு பாருங்க."

எதிர் வீட்டு அம்மா வந்து பார்த்தாள். "அப்படியே அதேதானுங்க!" கவிதாவுக்குப் பெருமை தாங்கல. மடியை விட்டு இறக்கல, பட்டுச்சேலையில் மூத்திரம் போற வரைக்கும்.

அப்புறம் என் அறையில கொண்டுவந்து விட்டுட்டுப் போனாள். மூலையில நின்னு நடுங்குது. தாயைத் தேடுது போல.

பால் ஆத்தி வெச்சேன். பேர் சொல்லிக் கூப்பிடல.