வெண்டல் க்ரோவின் கை

கிளெண்டேல்
சனிக்கிழமை, அக்டோபர் 14, 2023

அன்புள்ள தம்பி வாஹேவுக்கு,

நலம். நீயும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அலாஸ்காவில் இந்நேரம் பனி தொடங்கியிருக்கும்.

தன் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட சில நொடிகளை ஒரு மனிதர் நாற்பத்துநான்கு வருடமாகத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், அதை அவரிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா? வியாழக்கிழமையிலிருந்து யோசிக்கிறேன். வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஒரே தண்ணீர் மாதிரியை இரண்டு முறை சோதித்துவிட்டு, எதற்காகச் சோதித்தேன் என்பதையே மறந்து நின்றேன்.

நாளை மதியம் இரண்டு மணிக்கு பர்பாங்கில் ஒரு விழா. பழைய தொலைக்காட்சிப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஒரு சிறு காப்பகம், அந்தக் கால இரவு நிகழ்ச்சிகளையும் அவற்றில் வந்த நகைச்சுவையாளர்களையும் நினைவுகூர்கிறது. மேடையில் மூன்று முதியவர்கள். அவர்களில் ஒருவர் அப்பா. அழைப்பிதழில் 'ஆர்ட் கெவின்' என்று மேடைப்பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள். 'ஆரம் கெவோர்கியன்' என்று போட்டால் யாருக்குத் தெரியும்.

வெண்டல் க்ரோ நடத்திய இரவு நிகழ்ச்சியில் அப்பா தோன்றியது 1979 நவம்பரில். நீ தொட்டிலில் இருந்தாய். எனக்கு ஐந்து வயது. நீ கேட்டதெல்லாம் அம்மா சொன்ன கதை, அதுவும் கோபத்தோடு சொன்னது. அதனால் ஒருமுறை நிதானமாக எழுதிவிடுகிறேன். பெயர்தான் இரவு நிகழ்ச்சி, பதிவு செய்வது மாலை ஐந்தரைக்கு. புதிதாக வருகிற நகைச்சுவையாளர் திரையை விலக்கிக்கொண்டு வந்து ஆறு நிமிடம் நின்று பேசுவார். முடிந்ததும் க்ரோ கைதட்டினால் நல்லது. கையை உயர்த்தி, வா என்று சோஃபாவுக்குக் கூப்பிட்டால் அந்த ஆளின் தலையெழுத்தே மாறிவிடும். மறுநாள் காலையிலிருந்து அவர் வீட்டுத் தொலைபேசி ஓயாது. வருடத்துக்கு இரண்டு மூன்று பேரைத்தான் க்ரோ அப்படிக் கூப்பிட்டார். அப்பாவைக் கூப்பிடவில்லை. அப்பா தலைகுனிந்து வணங்கினார், திரைக்குள் போனார், விளம்பரம் வந்தது. வீட்டில் நாங்கள் பார்த்தது அவ்வளவுதான். அம்மா அன்றிலிருந்து க்ரோவின் முகத்தை வீட்டுக்குள் விடவில்லை. மூன்று வருடத்தில் அப்பா மேடையை விட்டு, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி தொடங்கினார்.

இனி உனக்குத் தெரியாதது. அந்தக் குளிர்காலத்தில் அம்மா ஒருநாள் அப்பாவை கராஜிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவு மூடியிருந்தது, கார் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே முழுக்கப் புகை. சாவதற்கு ஒரு மாதம் முன்பு என்னிடம் இதைச் சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன்னிடம் இதுவரை மறைத்ததற்கு மன்னித்துக்கொள்.

வியாழக்கிழமை காப்பகத்தின் டோரீன் என்னைத் தனியாக வரச் சொன்னார். க்ரோவின் அரங்கில் வேலை பார்த்த தொழில்நுட்பக்காரர் ஒருவர் இறந்துவிட்டாராம். அவர் மகள் கொடுத்த பெட்டியில் ஒரு நாடா இருந்திருக்கிறது. ஒரே ஒரு கேமரா பிடித்ததைத் தனியாகப் பதிந்து வைத்திருந்தார். அந்தக் கேமரா முழு நேரமும் க்ரோவின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா அதில் எங்கும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்கிறது. இளமையான, கொஞ்சம் அவசரமான குரல். "எங்க வீட்டுல யாரும் சண்டை போட மாட்டாங்க. உப்பை இப்படித் தள்ளுன்னு கேக்குறதே சண்டைச் சத்தத்துலதான் இருக்கும்." க்ரோ மேசையில் அடித்துச் சிரிக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கடைசிக் கைதட்டலின்போது கையை உயர்த்தி, வா என்கிறார். மீண்டும் ஒருமுறை, இன்னும் பெரிதாக. பிறகு புருவம் சுருங்குகிறது. கை இறங்குகிறது. பென்சிலை எடுத்து உருட்டத் தொடங்குகிறார்.

அதாவது க்ரோ கூப்பிட்டார், வாஹே. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியதோ என்னவோ, அப்பா பார்க்காமல் போய்விட்டார்.

டோரீன் கண்கலங்கி, "எவ்வளவு பெரிய பரிசு இது, லூசின், அவருக்குச் சொல்லிடாதீங்க, மேடையில போட்டுக் காட்டலாம்" என்றார். நல்ல பெண்தான். ஆனால் எனக்கு அது பரிசாகத் தெரியவில்லை. இன்னொருவர் தன்னை ஒதுக்கினார் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் வாழ்ந்துவிட முடியும். அந்த ஆளைத் திட்டியாவது காலத்தைத் தள்ளலாம். தன் கண்ணே தன்னைக் கைவிட்டது என்று எண்பத்துமூன்று வயதில் தெரிந்தால் யாரைத் திட்டுவார்? வசந்த காலத்தில்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்குப் பயம் இதயத்தைப் பற்றி மட்டுமல்ல என்பது உனக்கு இப்போது புரியும்.

புதன்கிழமை சிற்றுண்டிக்கு அவரைக் கூட்டிப்போனபோது லூ பாண்டரி வழக்கம்போல வம்பிழுத்தார். அந்தக் கால நகைச்சுவையாளர்தான், அவரும் நாளை மேடையில் இருக்கிறார். "ஏன்டா ஆர்ட், அன்னிக்கு நீ போட்டிருந்த பேன்ட்டைப் பாத்துதான்டா க்ரோ பயந்துட்டான். சோஃபாவுக்குச் சாயம் ஒட்டிக்குமேன்னு." அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "உன்னை மூணு தடவை கூப்பிட்டானே, என்ன ஆச்சு? இப்பவும் நீ எனக்கு எதிர்லதானே உக்காந்து ஊறுகாய் திங்கிற" என்றார். இருவரும் சிரித்தார்கள். ஒருநாள் கழித்து நாடாவைப் பார்த்த பிறகு, அந்தச் சிரிப்பை நினைக்கவே என்னால் முடியவில்லை.

இன்று மூன்று முறை சொல்லப் பார்த்தேன். கடைசி முறை அவர் நாளைக்குப் போட வேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "என்ன கண்ணு, மூஞ்சி இப்படி இருக்கு? யாராவது போயிட்டாங்களா? எங்க கூட்டத்துல பாக்கி இருக்கிறதே மூணு பேர், மூணு பேரும் நாளைக்கு மேடையில இருப்போம், கவலைப்படாதே" என்றார். நான் காப்பி போடப் போய்விட்டேன்.

இதை முடிக்காமல் வைக்கிறேன். நாளை எழுதுகிறேன்.

ஞாயிறு, மாலை

விழா முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா தூங்குகிறார். இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். மூச்சு சீராக இருக்கிறது.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அரங்கத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்குவதற்கு முன் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. ஒரு நாடா இருக்கிறது, அதில் க்ரோ உங்களைக் கூப்பிடுகிறார், இரண்டு முறை, இன்று அதைக் காட்டப் போகிறார்கள், வேண்டாம் என்றால் இப்போதே வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். என் கை ஸ்டீரிங்கை விடவில்லை. அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "சிரிச்சானா?" என்று கேட்டார். கண்ணைத் துடைக்கும் அளவுக்கு என்றேன். "எதுக்கு?" உப்புக்கு என்றேன். தலையை ஆட்டினார். "சரி, இறங்கு. லூ முன்னாடியே போய் நல்ல நாற்காலியப் பிடிச்சிருவான்."

இருநூறு பேர் இருக்கலாம். நாடா ஓடியபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். தன் குரலுக்கு மக்கள் சிரிக்கும்போது அவர் உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. கை உயர்ந்தபோது அரங்கம் அடங்கிப்போனது. இரண்டாவது முறை உயர்ந்தபோது லூ மெதுவாக, "டேய், கூப்பிடுறான்டா" என்றார். கிண்டல் இல்லை அதில். அப்பா ஒலிவாங்கியை இழுத்தார். "வெளியே பார்க்கிங் மீட்டர்ல பத்து சென்ட்தான் போட்டிருந்தேன். இவனோட உக்காந்து பேசினா வண்டியை இழுத்துட்டுப் போயிருவாங்க" என்றார். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ஒரு நிமிடமாவது நீடித்தது. டோரீன் அழுதுகொண்டே கைதட்டினார்.

திரும்பி வரும் வழியில், ஆலிவ் அவென்யூ சிக்னலில், நான் எதுவும் கேட்காமலே சொன்னார். "அன்னிக்கே அவன் கையைப் பாத்தேன், லூசி." விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். "என்கிட்ட ஆறு நிமிஷத்துக்குத்தான் சரக்கு இருந்துச்சு. அவன் பக்கத்துல உக்காந்தா நானா ஏதாவது பேசணும். என்ன பேசுறதுன்னு தெரியல. கால் தானா உள்ள போயிடுச்சு. வீட்டுக்கு வந்ததும் உங்கம்மா, கூப்பிடலையான்னு கேட்டா. இல்லைன்னுட்டேன். அப்புறம் அதை மாத்த முடியல."

இது உண்மையா, வாஹே, எனக்குத் தெரியாது. கண்ணில் படாமல் போய்விட்டது என்பதைவிட, பயந்து போனேன் என்று சொல்வது ஒரு மனிதருக்குச் சுலபமாக இருக்கலாம், அது அவராகச் செய்தது என்பதால். நான் முன்பே சொல்லிவிட்டதால், இந்தக் கதையைக் கட்ட அவருக்கு ஒரு மதியம் முழுதும் இருந்தது. அல்லது அது அப்படியே நடந்ததாக இருக்கலாம். அப்படியானால் அந்தக் குளிர்காலம் முழுதும் அவர் யாரைத் திட்டிக்கொண்டிருந்தார் என்று யோசித்துப் பார். நாடாவில் அவர் முகம் இல்லை. சரிபார்க்க வழியில்லை.

அம்மாவின் அடக்கத்தன்று அவர் எழுந்து நின்று ஒரு நகைச்சுவை சொன்னார் என்பதற்காக நீ அவரோடு பேசாமல் இருக்கிறாய். அன்று எனக்கும் கோபம்தான். இன்று சிக்னலில் அவர் சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். அவ்வளவுதான் சொல்வேன்.

அவருக்கு ஒரு போன் செய். எதையும் கேட்காதே, நான் எழுதியது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. மீட்டர் கதையைச் சொல்வார். முழுதும் சொல்லி முடிக்கும்வரை வைத்துவிடாமல் இரு.

கடவுள் உன்னையும் குழந்தைகளையும் காக்கட்டும்.

உன் அக்கா,
லூசின்